குடியும் மனையும்: துறைமுகக் கரையில் ஒரு பழைய வீடு

சென்ற திங்கள் இப்பகுதியில் வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நம் சங்க அன்பர் ஒருவர், "வாடகை கொடுத்துக் கொடுத்தே முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன, சொந்த வீடு வாங்குவதைப் பற்றியும் எழுதலாகாதா?" என்று கேட்டு, விளம்பரத் துண்டு ஒன்றையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறார். கொச்சித் துறைமுக நீரை நோக்கிய பழைய இருதள வீடு. மனை 6 சென்ட். நேரே கப்பல் போக்குவரத்தைக் காணலாம். செப்பனிட்டால் பெருமதிப்புப் பெறும். குடியிருக்கவும் விருந்தினர் விடுதியாக்கவும் ஏற்றது. விளம்பரத்தின் சாரம் இதுவே.

அன்பர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்தவர். அண்மையில் பணி ஓய்வு பெற்றவர். கையிலிருப்பது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும். அவை போதா. ஆகவே ஊரிலுள்ள பூர்வீக வீட்டில் தமக்குரிய பங்கைத் தம்பிக்கே விற்றுவிட எண்ணுகிறார். உடனிருக்கும் தந்தையார் எண்பத்து நான்கு வயதினர். இளமையில் உப்பளத்தில் கணக்கராயிருந்தவர். "கடல் காத்து கல்லையே தின்னும், அதுக்கு நம்ம ஊர் வீட்டைக் காவு கொடுக்கணுமா?" என்கிறாராம். மனைவியாரோ, "பிள்ளைகள் பிறந்து வளர்ந்த ஊர் இதுதானே? இனி எந்த ஊருக்குப் போகப்போகிறோம்?" என்கிறாராம். யார் சொல்வது சரி என்று அன்பர் நம்மைக் கேட்கிறார்.

அந்த வழக்கைத் தீர்த்து வைக்க நாம் நீதிபதி அல்லோம். எனினும், இத்தகைய வீட்டை வாங்க நினைப்போர் அறிய வேண்டியவை பல உள. பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள நம் அன்பர்களுக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும் ஆதலின், சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

நீர் தந்த வீடுகள்

பழைய பொருளொன்றை வாங்குமுன் அஃது ஏன் விலைக்கு வந்தது என்று கேட்பது அறிவுடைமை. கொச்சித் துறைமுகத்தை உண்டாக்கியது 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வெள்ளத்தால் பழைய முசிறித் துறை தூர்ந்தது; கொச்சியின் முகம் திறந்தது. 1503-இல் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டினர். 1663-இல் டச்சுக்காரரும் 1795-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். மிளகும் இஞ்சியும் ஏலமும் கயிறும் இக்கரையிலிருந்தே கப்பலேறின. கல்வத்தியிலிருந்து மட்டாஞ்சேரி வரை நீளும் பசார் சாலையில் பண்டகசாலைகள் ஒரு வாயிலைச் சாலைக்கும் மறு வாயிலை நீருக்கும் திறந்து வைத்திருந்தன. நம் வழக்கப்படி வீட்டின் முகம் தெருவை நோக்கும்; அங்கோ நீரே தெரு. வள்ளங்கள் வந்து நிற்கும் பக்கமே வீட்டின் முகம்.

பின்னர் வந்தது இருபதாம் நூற்றாண்டு. 1920-இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி ஆழமாக்கினார். 1928-இல் பெருங்கப்பல்கள் உள்துறைமுகத்துக்குள் வரத் தொடங்கின. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்ததே வில்லிங்டன் தீவு. கப்பல்கள் அத்தீவின் மேடைகளை நாடின; வள்ளங்களுக்கு வேலை குறைந்தது; பசார் சாலையின் செல்வாக்கும் மெல்லக் குன்றியது. 2011-இல் வல்லார்பாடத்தில் பெட்டகக் கப்பல் முனையமும் திறக்கப்பட்டது. இவ்வாறு வணிகம் இடம் மாறிற்று. வணிகர் மக்கள் வெளிநாடுகளுக்குப் போயினர். பண்டகசாலைகளும் வீடுகளும் பூட்டப்பட்டன. 1950-களிலும் அதற்குப் பின்னும் மட்டாஞ்சேரி யூதர்கள் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபின் அவர்தம் தெருவிலுள்ள வீடுகள் கடைகளானதை இன்றும் காணலாம்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2012 முதல் நடைபெறும் கொச்சி-முசிறிஸ் ஓவியப் பெருவிழா பழைய பண்டகசாலைகளுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 2023-இல் தொடங்கிய நீர் மெட்ரோப் படகுகள் கோட்டைக் கொச்சிக்கும் வருகின்றன. விளம்பரத்தில் 'செப்பனிட்டால்' என்னும் சொல்லுக்கு இவ்வளவு கனம் வந்தது இதனாலேதான்.

நம்மவர்க்கும் இம்மண்ணோடு உறவு புதிதன்று. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பெற்றவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் கோட்டைக் கொச்சி வெளியில் இன்றும் வாழ்கின்றன. மேலும், கோட்டைக் கொச்சி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியிலிருந்தது. அடுத்தடுத்த தெருக்கள் இரு வேறு ஆட்சிகளில் இருந்தமையால், வீட்டின் பழைய பத்திரங்களைத் தேடுவோர் அவ்வீடு எப்பக்கத்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஓதம் கண்ட சுவர்

அன்பரின் வேண்டுகோளுக்கிணங்கி, மரவேலையில் நீண்ட பழக்கமுள்ள ஆசாரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு நாம் அவ்வீட்டைப் பார்க்கச் சென்றோம். அங்கே கண்டவற்றை முறைப்படி சொல்வோம்.

சுவர்கள் செம்பாறாங்கல், மலையாளத்தில் வெட்டுக்கல் என்பர். வெட்டும்போது மென்மையாயிருந்து காற்றுப் பட்டபின் இறுகும் கல் இது. அக்காலத்தவர் இதனைச் சுண்ணாம்புக் காரையால் இணைத்து, சுண்ணாம்பாலேயே பூசினர். சுண்ணாம்புப் பூச்சு நீரை உள்ளே வாங்கினாலும் மூச்சு விடுவதுபோல் வெளியே விட்டுவிடும். இவ்வீட்டிலோ இடையில் வந்த யாரோ கீழ்த்தளச் சுவர் முழுவதற்கும் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதனால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்த கோடொன்று அறைதோறும் ஓடுகிறது. விரலால் தொட்டால் மாவாய் உதிர்கிறது. அதன்மேல் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். சாயத்தின் மணம் போகாத வீட்டை நம்பற்க.

'ஓதம்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கடல் ஏற்றம் என்றும் பொருளுண்டு. சுவரில் ஊறும் ஈரம் என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒன்றே என்பதைத் துறைமுகக் கரை வீட்டில் நின்றால் அறியலாம். கொச்சியில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகும். தாழ்ந்த கரைகளில் மழையில்லாத மாதங்களிலும் ஏற்ற நீர் வீட்டு முற்றத்தில் புகுவதை அண்மை ஆண்டுகளில் மக்கள் கண்டு வருகின்றனர். ஆகவே இத்தகைய வீட்டை ஒருமுறை பார்த்தல் போதாது. நல்ல வெயிலில் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழை வலுத்த நாளில் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்ற வேளையில் ஒரு முறை என மும்முறை பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊர் இது. தரகர் வழக்கமாக அழைப்பது வெயில் நாளிலேதான்.

மேல்தளம் மரத்தாலானது. தேக்கு விட்டங்களும் அயினிப் பலகைகளும் இன்னும் உறுதியாயுள்ளன. ஆசாரி விட்டங்களின் நடுவைத் தட்டிப் பார்க்கவில்லை. அவை சுவருக்குள் நுழையும் முனைகளையே ஊசியால் குத்திப் பார்த்தார். "நடுவில் பார்த்தால் எல்லா மரமும் நல்ல மரம்தான், சுவரில் புதைந்த தலையில்தான் நோய்" என்றார். நீர்ப்பக்கத்துச் சுவரில் இரண்டு விட்டங்களின் தலை பஞ்சுபோல் ஆகியிருந்தது. அவற்றை முழுதும் மாற்ற வேண்டுவதில்லை. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு நல்ல மரத்தை இணைக்கலாம் என்பது அவர் கருத்து. கூரை மங்களூர் ஓட்டாலானது. ஓடு உடைந்தால் மாற்றிவிடலாம். அதனைத் தாங்கும் சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. இங்கே ஒரு மூலையில் ஏறியிருக்கிறது.

இவையெல்லாம் பழமையின் குறைகள். இவற்றைவிட நம்மை அச்சுறுத்தியது, பின்புறத்தில் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் சமையலறையே. உப்புக் காற்று கான்கிரீட்டின் உள்ளே சென்றால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவரும். அவ்வறையின் கூரையில் கம்பிகள் விலா எலும்புகள்போல் தெரிகின்றன. பழைய கல்லும் மரமும் நிலைத்து நிற்க, புதிய கான்கிரீட் முதலில் வீழ்கிறது. 'செப்பனிடல்' என்றால் பழையதை இடித்துப் புதியது கட்டுவது என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்வாராக.

செப்பனிடும் வரிசையும் முதன்மையானது. முதலில் கூரை, பிறகு மழைநீரும் கழிவுநீரும் சுவரை அண்டாமல் வெளியேறும் வழி, அதன்பின் சிமெண்ட் பூச்சை உரித்துச் சுவரை உலரவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசுதல், அதற்கும் பின்னரே மின்கம்பி, குழாய், தரை, சாயம். சுவர் உலர்வதற்குக் குறைந்தது ஒரு கோடைக்காலம் வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர் இத்தகைய வீட்டை வாங்காதிருத்தல் நன்று.

பத்திரத்தில் யார் கையொப்பம்?

வீட்டைக் காட்டிய அம்மையார் வயது முதிர்ந்தவர், கிறிஸ்தவக் குடும்பத்தார், கணவர் இல்லை, மக்கள் வெளிநாட்டில் உள்ளனர். நாம் சுவரையும் கூரையையும் ஆராய்ந்த நேரமெல்லாம் வாய் திறவாதிருந்தவர், புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "பொளிக்குமோ?" இடித்துவிடுவீர்களா என்பது பொருள். அன்பரால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

பேச்சுவாக்கில், வீடு இன்னமும் மாமனார் பெயரிலேயே இருப்பதையும், கணவருக்கு இரு சகோதரிகள் உண்டு என்பதையும் அறிந்தோம். தரகர், "அவர்கள் கல்யாணமாகிப் போனவர்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை சார்" என்று முந்திக்கொண்டார். இங்கேதான் விழிப்பு வேண்டும். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பத்து மகள்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கு ஒத்த பங்கு உண்டு என்றும், அஃது 1951 முதலே செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்த குடும்பத்தில், 'சீதனம் கொடுத்தாயிற்று' என்னும் ஒரு சொல்லால் சகோதரிகளின் பங்கு மறைந்துவிடாது. ஆகவே கிறிஸ்தவராயினும் இந்துவாயினும் முஸ்லிமாயினும், அவரவர்க்குரிய சட்டப்படி வாரிசுகள் யாவர் என்பதை வழக்கறிஞர் எழுத்தில் தர வேண்டும். அவ்வனைவரும் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வாங்கியவர் வீட்டோடு ஒரு வழக்கையும் சேர்த்து வாங்கியவராவார்.

கேரளத்துப் பத்திரச் சொற்கள் நம்மவரை மயக்குவதுண்டு. நாம் கிரயப் பத்திரம் என்பதை இங்கே தீறாதாரம் என்பர். மூலப் பத்திரம் முன்னாதாரம் எனப்படும். வில்லங்கச் சான்றினைக் குடிக்கடச் சான்று என்றும் பாத்யதைச் சான்று என்றும் சொல்வர். பட்டா மாற்றத்தைப் போக்குவரவு என்பர். வரி கட்டுவோர் கணக்கு தண்டப்பேர் எனப்படும். கிராம அலுவலகத்தில் கைவசச் சான்றும், நடப்பாண்டுக் கரம் செலுத்திய ரசீதும் கேட்டுப் பெறுதல் வேண்டும். குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தல் நல்லது.

துறைமுகக் கரைக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. வீட்டுச் சுவருக்கும் நீருக்கும் இடையே உள்ள கல்படியும் சிறு நிலத்துண்டும் யாருடையவை? 'நீர் வரை நம்முடையதே' என்பார் விற்பவர். பத்திரத்தின் எல்லைக் குறிப்போ வேறு சொல்லக்கூடும். அத்துண்டு புறம்போக்காகவோ துறைமுகத்தாரின் நிலமாகவோ இருக்கலாம். நில அளவையர் கல் நாட்டிக் காட்டிய பின்னரே 6 சென்ட், அதாவது ஏறத்தாழ 2,614 சதுர அடி என்பதை நம்பலாம். கீழ்த்தளத்தில் பழைய வாடகைதாரர் எவரேனும் உளரா என்பதையும் பார்த்தல் வேண்டும். கேரளத்தில் 1965-ஆம் ஆண்டுக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. வீடு கைமாறினாலும் வாடகைதாரர் உரிமை கைமாறிவிடாது.

நீரருகே கட்டுவோர்க்குச் சட்டம்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதல் 1991-இல் வந்தது. 2011-லும் 2019-லும் திருத்தி வெளியிடப்பெற்றது. ஏற்ற நீர் எட்டும் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை என்ன கட்டலாம், என்ன கட்டலாகாது என்பதை அது வரையறுக்கிறது. கடலுக்கு மட்டுமன்றி, ஓதம் ஏறியிறங்கும் காயலுக்கும் அது பொருந்தும். முறைப்படி அனுமதி பெற்று முன்பே நிற்கும் வீட்டைச் செப்பனிடுவது ஒன்று. அதனை இடித்துவிட்டுப் பெரியதாய் எழுப்புவது முற்றிலும் வேறு. பின்னதற்கு அனுமதி கிடைத்தே தீரும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

இச்சட்டத்தைப் பொருட்படுத்தாமையின் விளைவைக் கொச்சி மக்கள் கண்ணாரக் கண்டனர். மரடுவில் காயலோரம் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்குமாறு 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றில் 300-க்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. வாங்கியவர்கள் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர்கள், பதிவு செய்தவர்கள், வரி கட்டியவர்கள். நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக ஒவ்வொருவர்க்கும் 25 இலட்சம் ரூபாய் வரை வழங்கச் செய்தது. எனினும் குடிபுகுந்த வீடு சில நொடிகளில் புழுதியாவதைக் காணும் துயரத்துக்கு இழப்பீடு ஏது? பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்வதாலோ, நகராட்சி வரி வாங்குவதாலோ மட்டும் ஒரு கட்டிடம் சட்டப்படியானதாகிவிடாது என்பதே மரடு தரும் பாடம்.

இன்னுமொன்று. கோட்டைக் கொச்சியின் தூய பிரான்சிஸ் தேவாலயமும் மட்டாஞ்சேரி அரண்மனையும் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளவை. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப் பகுதிக்குள் புதிதாய்க் கட்டலாகாது. செப்பனிடுவதற்கும் அனுமதி பெற வேண்டும். மேலும் இவ்வட்டாரம் மரபுப் பகுதியாகக் கருதப்படுவதால், வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுமுன் மாநகராட்சியில் கேட்டறிதல் கட்டாயம். 'மேலே ஒரு மாடி எழுப்பலாம்' என்று தரகர் சொன்னதை அன்பர் தம் கணக்கிலிருந்து அடித்துவிடுதல் நன்று.

கணக்கு

கேட்கும் விலையை 100 பங்கு என்று கொள்வோம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 பங்கு. பதிவுக் கட்டணம் 2 பங்கு. ஆக, சாவி கைக்கு வருமுன்பே 110 பங்கு செலவாகிறது. வழக்கறிஞர், அளவையர், தரகர் ஆகியோர்க்குரியது தனி. விலை 50 இலட்சத்துக்குக் குறையாதிருப்பின், வாங்குபவர் விலையில் நூற்றுக்கு ஒன்றைப் பிடித்தம் செய்து விற்பவர் பெயரில் வருமான வரியாகச் செலுத்தவேண்டும் என்னும் விதி 2013 முதல் உள்ளது. இது செலவன்று, ஆனால் மறந்தால் தண்டம் உண்டு.

செப்பனிடும் செலவை ஒரு மேஸ்திரியிடம் கேட்டால் ஒரு தொகை சொல்வார். இன்னொருவர் வேறு சொல்வார். இருவரிடமும் எழுத்தில் வாங்கி, மிகுதியானதை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்க. பழைய வீட்டில் பூச்சை உரித்தபின்புதான் உண்மை தெரியும். மூத்த கட்டிடங்களுக்கு வங்கிகள் எளிதில் கடன் தரமாட்டா. தந்தாலும் செப்பனிடுவதற்கான கடன் பகுதி பகுதியாகவே வரும். வீடு சீராகும் வரை இப்போதைய வாடகையும் நிற்காது. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபின்னும் மருத்துவச் செலவுக்கென்று தனியே ஒரு தொகை எஞ்சுமாயின் மட்டுமே முன்செல்க. ஓய்வூதியர் ஒருவரின் கடைசி ரூபாயைச் சுவருக்குள் வைத்துப் பூசலாகாது.

விருந்தினர் விடுதி நடத்தினால் வருவாய் வருமே எனலாம். வரக்கூடும். ஆனால் கேரளச் சுற்றுலாத் துறையின் இல்லத்தங்கல் தர வரிசையில் சேர வேண்டுமாயின், அதற்குரிய விதிகளை முதலில் கேட்டறிதல் வேண்டும். எண்பத்து நான்கு வயதுத் தந்தையார் உறங்கும் நேரத்தில் கதவைத் தட்டும் அயலார்க்கு யார் எழுந்து செல்வது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

இரண்டு பழைய வீடுகள்

நிற்க. அன்பர் கடிதத்தின் உண்மையான கேள்வி இத்துறைமுக வீட்டைப் பற்றியதன்று; ஊர் வீட்டைப் பற்றியது. வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு அரிது.

ஊர் வீட்டின் நிலை என்ன என்று அன்பரை வினவினோம். தம்பி சென்னையில் இருக்கிறார்; வீடு ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது; பொங்கலுக்கு ஒருவர் போய்த் திறந்து விளக்கேற்றி வருவதுண்டு; சென்ற மழையில் அடுக்களைப் பக்கத்து ஓடு சரிந்துவிட்டது. இதைக் கேட்டபோது நமக்குத் தோன்றியது இதுவே: அன்பர் ஒரு பழைய வீட்டை விற்று மற்றொரு பழைய வீட்டை வாங்க நினைக்கிறார். இரண்டும் ஒரே காரணத்தால் நோயுற்றவை. துறைமுக வீட்டைக் கெடுத்தது உப்பு மட்டுமன்று. அங்கே பிறந்தவர்கள் அயலூர் சென்றமையும்தான். ஊர் வீட்டைக் கெடுப்பதும் அதுவே. ஆள் புழங்கும் வீட்டில் ஒழுகும் ஓட்டை அன்றே கண்டு மாற்றுவர். பூட்டிய வீட்டில் அடுத்த பொங்கலுக்குத்தான் காண்பர்.

ஆதலின், 'எந்த வீடு நமக்கு அருமையானது?' என்று கேட்பதைவிட, 'எந்த வீட்டில் நாம் நாள்தோறும் விளக்கேற்றப்போகிறோம்?' என்று கேட்பதே நேர்மை. இரண்டு பழைய வீடுகளைத் தாங்கும் வலிமை நடுத்தரக் குடும்பத்துக்கு இல்லை. இல்லாத வலிமையை உண்டென்று எண்ணினால் இரண்டும் பாழாகும்.

தந்தையார் உப்பைப் பற்றிச் சொன்னது முழுதும் உண்மை. உப்பளத்தில் நாள் கழித்தவர்க்கு அதனை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர் அஞ்சுவது உப்பையன்று என்பது நம் துணிபு. தாம் உயிரோடிருக்கையிலேயே தம் வீடு கைமாறுவதைக் காணும் நிலைக்கு அஞ்சுகிறார். மட்டாஞ்சேரி அம்மையார் கேட்ட கேள்வியும் இவர் கேட்பதும் வேறல்ல. அந்த அம்மையாரிடம் தயங்கி நின்ற அன்பர், தம் தந்தையிடமும் தயங்குவது இயல்பே.

நம் யோசனை இது. முன்பணம் எதுவும் கொடாமல், தந்தையாரை அழைத்துக்கொண்டு பத்து நாள் ஊருக்குச் செல்க; தம்பியையும் வரச் சொல்க. சரிந்த ஓட்டை முதலில் மாற்றுக. அதற்காகும் செலவு சிறிதே. அவ்வீட்டின் முற்றத்தில் மூவரும் உட்கார்ந்து பேசுக. தம்பி பங்கை வாங்கிக்கொண்டு குடிவரவோ, யாரையேனும் குடிவைக்கவோ உறுதி கூறுவாராயின், வீடு குடும்பத்தை விட்டுப் போகவில்லை. தந்தையார் மனமும் ஒருவாறு ஆறும். அவரும் பூட்டியே வைப்பார் என்றால், விற்பது குறித்து வருந்தாமல் பேசலாம். எப்படியாயினும் தந்தையார் அறியாமல் பத்திரம் எழுதுதல் வேண்டா. சட்டப்படி அவர் கையொப்பம் தேவையா என்பது வேறு. அவர் சொல் தேவை.

துறைமுக வீட்டைப் பொறுத்தவரை, மூன்று தாள்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க: வாரிசுகள் அனைவரும் விற்க இசைந்தார்கள் என்னும் எழுத்து, நில அளவையரின் வரைபடம், செப்பனிட அனுமதி உண்டு என்னும் மாநகராட்சியின் பதில். "இன்றே முடிக்காவிட்டால் கை நழுவிவிடும்" என்று தரகர் சொல்வார். நழுவினால் நழுவட்டும். பல்லாண்டு கரையில் நின்ற வீடு ஒரு மழைக்காலம் காத்திருக்காதா? வாங்கினால், அம்மையாரின் கணவருடைய சகோதரிகளுக்கும் உரிய பங்கு உரிய முறையில் சென்று சேர்ந்ததா என்று பார்த்தே வாங்குக. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்பவர்க்கு மட்டுமன்றி வாங்குபவர்க்கும் கடமை விதிக்கிறது: விற்பவர் அறியாமல், தாம் மட்டும் அறிந்து, அவருடைய உரிமையின் மதிப்பை மிகுவிக்கும் செய்தி எதையும் மறைத்தலாகாது. பிறர் தனிமையைப் பயன்படுத்தி வாங்கிய வீட்டில் உறக்கம் வராது.

வாங்கியபின் அதனை இடிக்காமல், கல்லைக் கல்லாகவும் மரத்தை மரமாகவும் மதித்துச் செப்பனிடுவாராயின், அஃது இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும் என்பது ஆசாரியின் கணிப்பு. அவ்வாறு நிற்குமாயின், பிழைக்க வந்த குடும்பம் ஒன்று வந்த ஊருக்கும் சிறிது செய்தது என்று சொல்லலாம்.

அடுத்த திங்கள், வெளியூரில் வாழ்வோர் தம் ஊர் நிலத்தின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் முறையைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அதில் இடர்ப்பட்ட அன்பர்கள் தம் அனுபவத்தைச் சுருக்கமாக எழுதியனுப்பினால் ஏனையோர்க்கும் பயன்படும்.